யாரும் இடிக்கவில்லை

யாராவது ஒருத்தி வந்து மோதியிருந்தால்கூடப் பரவாயில்லை. பாளையங்கோட்டை மைதானத்தின் கேலரிக்குக் கீழே இருந்த நீளமான அறையில், பெஞ்சின்மேல் வலது காலை நீட்டிப்போட்டு, முழங்காலில் ஐஸ் பொதிந்த துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்த டெல்பினுக்கு மனசு திரும்பத் திரும்ப அங்கேயேதான் போய் நின்றது. ஒருத்தி ஓடிவந்து இடித்திருந்தால் அவள் முகமாவது ஞாபகத்தில் இருக்கும். படுத்துக் கண்ணை மூடும்போது அவளை ஆசைதீரத் திட்டலாம், அவள் காலேஜைத் திட்டலாம், அவளுக்குச் சிவப்பு அட்டை காட்டாத ரெஃப்ரியைத் திட்டலாம். அப்படி ஒருத்தியும் இல்லை. மேற்கு மண்டலத்தின் கடைசி ஆட்டம், பந்து உயரமாக வந்தது, எகிறித் தலையால் தட்டினாள், தட்டின பந்து நல்லபடியாகத்தான் போனது, இறங்கும்போது உடம்பு ஒரு பக்கம் திரும்பியது, கால் திரும்பவில்லை. அவ்வளவுதான். உள்ளுக்குள் காய்ந்த சுள்ளியை ஒடித்ததுபோல ஒரு சத்தம். வெளியே யாருக்கும் கேட்டிருக்காது. ரெஃப்ரி விசில் ஊதவில்லை. ஊதுவதற்கு என்ன இருக்கிறது, அவளைச் சுற்றிப் புல்தான் இருந்தது. எழுந்தாள், நிற்க முடிந்தது, மிச்சமிருந்த கொஞ்ச நேரத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு நொண்டியபடியே ஓட்டினாள், ஜெயித்தார்கள், எல்லாரும் அவள்மேல் விழுந்து கட்டிப்பிடித்தார்கள், அந்தக் கட்டிப்பிடியில் அழுததைச் சந்தோஷத்தில் அழுகிறாள் என்றே எடுத்துக்கொண்டார்கள். இப்போது ஃபைனல். எதிரே செண்பகாதேவி காலேஜ். அலங்கார மாதா காலேஜில் சேர்ந்த பிள்ளைக்கு வகுப்பு எது, ஹாஸ்டல் எது என்று தெரிவதற்கு முன்னால் தெரிகிற முதல் விஷயம், செண்பகாவிடம் மட்டும் தோற்கக்கூடாது என்பது. போன வருஷம் தோற்றார்கள். அதற்கு முந்தின வருஷமும். டெல்பினுக்கு இது மூன்றாம் வருஷம், கடைசி வருஷம், இதற்குமேல் காலேஜும் இல்லை பந்தும் இல்லை, ஒரு முழங்கால்தான் மிச்சம், அதுவும் இல்லை.

துண்டிலிருந்து தண்ணீர் கெண்டைக்கால் வழியாக இறங்கிப் பூட்ஸுக்குள் போனது. துண்டை எடுத்து வைக்கத் தோன்றவில்லை. அறையின் மறுமூலையில் பிள்ளைகள் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டிருந்தார்கள், வலிக்கு அடிக்கிற ஸ்ப்ரேயின் கற்பூர வாடை சாப்பிட்ட தயிர்சாதத்தை நெஞ்சுக்குக் கொண்டுவந்தது. யாரோ ஒருத்தியின் போனில், காலேஜ் கால்பந்துக்குக் கணிப்புச் சொல்கிற அந்த யூடியூப் பையன் மறுபடி பேசிக்கொண்டிருந்தான். ஒரு வாரமாக அதே வீடியோதான். மேற்கு மண்டலத்தில் நாலாவதாக வந்த டீமைக் கொண்டுபோய்க் கிழக்கு மண்டலத்தில் விட்டால் அங்கே அதுதான் சாம்பியன், கிழக்கில் செண்பகாவை எதிர்க்க ஆளே இல்லை, ஒன்பது கோல் பத்துக் கோல் என்று அடிக்கிறார்கள், அது ஆட்டமா, மாதா காலேஜ் வந்த வழியைப் பாருங்கள், ஒவ்வொரு ஆட்டமும் யுத்தம், கடற்கரையில் பந்தோடு பிறந்த பிள்ளைகள், ஆகவே நம் கணிப்பு மாதாவுக்குத்தான். முதல் தடவை கேட்டபோது டெல்பினும் கைதட்டினாள். நம்ம மண்டலம், நம்ம மண்டலம் என்று ஹாஸ்டலே ஆடியது. இப்போது அதே வார்த்தைகள் காதில் விழும்போது அவள் கண் அறையைச் சுற்றி வந்தது. அனிஷா தொடைத் தசை கிழிந்து ஊரில் படுத்திருக்கிறாள். சுபிதாவுக்குக் காரை எலும்பு முறிவு. ரெக்ஸி வந்திருக்கிறாள், கணுக்கால் பப்பாளிப் பழம்போல இருக்கிறது, ஊசி போட்டு இறங்கப்போகிறாள். பலமான மண்டலம் என்றால் இதுதான், உடம்பில் ஒவ்வொரு இடமாகக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஃபைனலுக்கு வருவது. எதிர்த்த அறையில் செண்பகாக்காரிகள் பாட்டுப் போட்டு ஆடுகிறார்கள், ஒருத்திக்கும் ஒரு கீறல் இல்லை, தினமும் ஒன்பது கோல் அடித்து மத்தியானம் தூங்கி எழுந்து வந்திருக்கிறார்கள். நாமும் ஒரு சோப்ளாங்கி மண்டலத்தில் பிறந்திருக்கலாம் என்று நினைத்தாள். நினைத்தவுடன் வெட்கமாக இருந்தது. அந்தச் சுள்ளி மறுபடி உள்ளே ஒடிந்தது. அந்தப் பந்தை விட்டிருக்கலாம். எகிறாமல் நின்றிருந்தால் பின்னால் ஆஷ்லின் பிடித்திருப்பாள். பிடித்திருப்பாளா? கை எட்டியிருக்குமா? எட்டியிருக்கும். எட்டாமல் கோல் விழுந்திருந்தால்தான் என்ன, தோற்றிருப்போம், வீட்டுக்குப் போயிருப்போம், இரண்டு காலோடு.

ஆஷ்லின் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கோல்கீப்பர், மூன்று வருஷமாக ஒரே அறையில் படுக்கிறவள், ஸ்கேனுக்குக் கூடவந்தவள், அந்த ஸ்கேன் விஷயம் தெரிந்த ஒரே ஆள்.

"மிஸ்ட்ட சொல்லிட்டியாட்டி?"

"இல்ல."

"எப்பளாக்கும் சொல்லப்போற? டீம் லிஸ்ட் குடுத்த பொறவா?"

"சொல்லுதேன்."

"டாக்டர் சொன்னது ஒனக்குக் கேக்கல்லியா? எனக்கு இப்பளும் காதுல கேட்டுட்டுதான் கெடக்கு."

கேட்கத்தான் செய்தது. மார்த்தாண்டத்து டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இந்த இடத்தில் ஒரு கயிறு இருக்கணும், இல்லை பாத்தியா, என்று சாதாரணமாகச் சொன்னார். ஆபரேஷன் செய்யணும், ஒரு வருஷம் பந்துப் பக்கம் போகாதே, இப்படியே போய் இன்னொரு தடவை திருப்பினால் உள்ளே இருக்கிற மெத்தையும் கிழியும், அப்புறம் மாடிப்படி ஏறவே சிரமம். அவர் பேசின அத்தனையிலும் டெல்பின் பிடித்துக்கொண்டது அந்த 'இன்னொரு தடவை திருப்பினால்' என்ற ஒன்றைத்தான். திருப்பாமல் ஆடினால்? கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிற ஸ்டாப்பர் நேராகத்தானே ஓடுகிறாள், முன்னால் போய்ப் பின்னால் வருகிறாள், அவள் எதற்குத் திரும்பணும்? இரண்டு நாளாக ஹாஸ்டல் வராந்தாவில் யாரும் இல்லாதபோது நேராக நடந்து பார்த்தாள். நேராக நடக்க முடிந்தது. குளியலறையில் வாளியை எடுக்கத் திரும்பியபோது முழங்கால் ஒரு பக்கம் நழுவி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்துக்குள் அழுதாள். மிஸ்ஸிடம் சுளுக்கு என்று சொல்லியிருந்தாள். கோச் சுகந்தி மிஸ்ஸும் நம்பினார், அல்லது நம்ப வேண்டியிருந்தது, மூன்று பேர் ஏற்கனவே அடிபட்டுவிட்ட டீமில் நாலாவது பெயரைக் கேட்க யாருக்குத்தான் தைரியம் வரும்.

இதையெல்லாம்கூடச் சொல்லிவிட்டிருப்பாள், அப்பா மட்டும் வராமல் இருந்திருந்தால். ஐயோ, அப்பா. நினைப்பை அந்தப் பக்கம் விடக்கூடாது என்று காலையிலிருந்து பிடித்துப் பிடித்து வைத்திருந்தாள். பெர்க்மான்ஸ் தூத்தூர்ப் பக்கத்துக் கரைக்காரர், கொச்சியிலிருந்து ஆழ்கடல் போகிற விசைப்படகில் தூண்டில் போடுகிறவர். போனால் கரை திரும்ப மாதம் ஆகிவிடும். டெல்பின் ஆடின ஒரு ஆட்டத்தைக்கூட அவர் கண்ணால் பார்த்ததில்லை. இங்கே விசில் ஊதும்போதெல்லாம் அவர் லட்சத்தீவுக்கு அந்தப் பக்கம் எங்கேயோ இருப்பார். திரும்பி வந்து குளித்துச் சாப்பிட உட்கார்ந்ததும் முதல் கேள்வி அதுதான், எப்பிடி மக்ளே போச்சு. அவள் அடுக்களைத் தரையில் உள்ளியை, குழம்புக்கு வைத்திருக்கிற சின்ன வெங்காயத்தை, பரப்பி வைப்பாள். இது நான், இது அவங்க ஃபார்வேர்டு, இவ இங்கயிருந்து வந்தா, நான் இப்படிப் போனேன். அவர் சோற்றுக்கையோடு குனிந்து ஒரு உள்ளியைப் பின்னால் நகர்த்தி வைப்பார். அங்க நீ ஏன் கேறிப்போன, ஸ்டாப்பர் எடத்த விட்டுட்டுப் போவப்பிடாது. அவரும் ஒரு காலத்தில் ஊர் கிளப்பில் ஸ்டாப்பர்தான். அம்மா உள்ளி போச்சே என்று கத்துவாள். இந்தத் தடவை படகு புறப்படுகிற அன்றைக்கு முதலாளியைக் கூப்பிட்டு நான் வரல்ல என்று சொல்லிவிட்டாராம். எனக்க மவ ஃபைனல் வெளயாடுதா. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அப்பா ஒரு கடல் தங்கலுக்குப் போகாமல் இருந்து நான் பார்த்ததில்லை என்று அம்மா போனில் சிரித்தாள். ஊர் கிளப் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு வேன் பேசியாயிற்று, செண்டை மேளத்துக்கும் சொல்லியாயிற்று. அதை அம்மா சொல்லும்போது டெல்பின் ஸ்கேன் எடுத்த இடத்துப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். நல்லது என்றாள்.

போன் அடித்தது. அப்பா. வெளிய வா மக்ளே, வேலிப்பக்கம் வாறேன். அவள் துண்டை அவிழ்த்தாள். தோல் செத்துப்போய் வெளுத்திருந்தது. முழங்கால் உறையை மேலே இழுத்துவிட்டு, சுவரை ஒட்டி, நேராக, திரும்பாமல், ஒவ்வொரு எட்டையும் யோசித்து யோசித்து வைத்து, அவர் வருவதற்கு முன்னாலேயே வேலிக்குப் போய்விட வேண்டும் என்று போனாள். கம்பியைப் பிடித்துக்கொண்டபின்தான் மூச்சு வந்தது. பெர்க்மான்ஸ் கேலரிப் பக்கமிருந்து வந்தார். புதுச் சட்டை, மடிப்புக் கலையவில்லை, காலரில் குத்திய ஊசியைக்கூட எடுக்கவில்லை. தலைக்குச் சாயம் போட்டிருந்தார். ஒரு ஃபைனலுக்கு யாராவது தலைக்குச் சாயம் போடுவார்களா.

"சாப்பிட்டியா?"

"ம். நீங்க?"

"வாற வழில புரோட்டா திண்ணோம். ஒங்க அம்ம ஜெபமால சொல்லிட்டு இருக்கா. ஒண்ணும் பேடிக்காண்டாம், தைரியமா வெளயாடு. அவளுவ மண்டலத்துல என்ன இருக்கு? எல்லாம் தொட்டா விழுந்திரும். நம்ம பக்கத்துல வெளயாடினவளுவளுக்கு இதுவெல்லாம் ஒரு ஆளா?"

"அப்பா..."

"கார்னர் வந்தா மட்டும் கேறிப் போ. தலயால ஒண்ணு வச்சிரு. நான் எல்லாவனுட்டயும் சொல்லி வச்சிருக்கேன், எனக்க மவ தலயால ஒண்ணு வப்பாண்ணு."

"அப்பா, எனக்க காலு கொஞ்சம்..."

"காலு வலிக்கத்தான் செய்யும்." அவர் சிரித்தார். "ஃபைனல் வரைக்கும் வந்தவளுக்கு வலிக்காம இருக்குமா? எனக்கெல்லாம் நெத்தில தையலு போட்ட அன்னைக்கே சாய்ங்காலம் வெளயாடினேன். வலி விசிலு ஊதுற வரைக்கும்தான். பொறவு ஒண்ணும் தெரியாது."

அவள் கம்பியின் இடைவெளி வழியாக அந்தச் சட்டைப் பொத்தானையே பார்த்துக்கொண்டு நின்றாள். சொல்லிவிடலாம். அப்பா, உள்ளே கயிறு அறுந்துபோச்சு. ஆறு வார்த்தைகூட ஆகாது. கடலில் கயிறு அறுந்தால் என்ன ஆகும் என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் சாயம் போட்ட அந்தத் தலை. காதோரத்தில் தோலிலும் கொஞ்சம் கறுப்பு ஒட்டியிருந்தது, அம்மா துடைத்துவிட்டிருக்கக்கூடாதா.

"சரி, போ மக்ளே. ஓடி ஒடம்பச் சூடாக்கு. நான் பாத்துட்டுப் போறேன்."

"நீங்க மொதல்ல போங்கப்பா. எடம் போயிரும்."

"எடம்லாம் பிடிச்சாச்சு. நீ போ."

"நீங்க போங்க, நான் நிக்கேன்."

அவர் போனால்தான் அவள் நகர முடியும். அவள் நகர்ந்தால் அவர் பார்த்துவிடுவார், ஒரு எட்டு போதும், கால் வைக்கிற தினுசைப் பார்த்தே சொல்லிவிடுவார். அவரோ மகள் ஓடுகிற முதல் ஓட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் போவேன் என்று நிற்கிறார். வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இரண்டு பேரும் சும்மா நின்றார்கள். மேலே செண்டை கொட்டத் தொடங்கியது, யாரோ பெர்க்மான்சே என்று கூப்பிட்டார்கள், அவர் கம்பிக்குள் விரலை விட்டு அவள் விரலை ஒரு தடவை அழுத்திவிட்டுப் போனார். தூண்டில் நரம்பு அறுத்து அறுத்துத் தடித்துப்போன விரல். அது போனபிறகும் அவள் கம்பியை விடவில்லை. ஆடிவிடலாம். விசில் ஊதுற வரைக்கும்தான் வலி என்று அவர் சொன்னார் அல்லவா. நேராக ஓடலாம். கார்னர் வந்தால் போய் ஒன்று வைக்கலாம், எகிறவேண்டும், எகிறினால் இறங்கவேண்டும். இறங்குவதுதான். எகிறுவதில் எந்தப் பயமும் இல்லை, காற்றில் இருக்கிறவரை ஒன்றும் இல்லை, எத்தனை தடவை நினைத்தாலும் நினைப்பு அந்தப் புல்லுக்குத்தான் இறங்கி வந்தது. யாரும் இடிக்கவில்லை. பக்கத்தில் ஒரு ஆள் இல்லை. இங்கே மட்டும் என்ன, இங்கேயும் யாரும் இடிக்கவேண்டியதில்லை. அந்த நேரம் பார்த்து ரெக்ஸிக்கு ஊசி போடுகிற அலறல் ஜன்னல் வழியாக வந்தது. டெல்பினுக்குக் கண்முன் ஒரு காட்சி வந்தது. மாடிப்படி ஏறுகிற வயதான ஒருத்தி, கைப்பிடியைப் பிடித்து, ஒரு படிக்கு ஒரு தடவை நின்று. அவளுக்குத் தன் முகம்.

சுகந்தி மிஸ் கதவருகே நின்று லிஸ்ட் எழுதிக்கொண்டிருந்தார். டெல்பின் போய் நின்றாள்.

"மிஸ், சுளுக்கு இல்ல மிஸ். லிகமென்ட் போயிட்டு. ஸ்கேன் எடுத்தோம்."

மிஸ் நிமிர்ந்தார். அந்த முகத்தில் இரக்கம் வந்தது, நிஜமாகவே வந்தது, ஆனால் அதற்கு முன்னால் ஒரு நொடி வேறொன்று வந்து போனதை டெல்பின் பார்த்துவிட்டாள். இவளை முதல் பாதி வரைக்குமாவது ஆடவைக்க முடியுமா என்ற ஒரு கணக்கு. மிஸ்ஸின் கண் அவள் முழங்காலுக்குப் போய்த் திரும்பியது. சரி, முடியாது என்று அதே கண் சொன்னது. பிறகுதான் கை தோளில் விழுந்தது.

"பைத்தியக்காரி. இத்தன நாள் வச்சுக்கிட்டா இருந்த? அப்பாக்குத் தெரியுமா?"

"இல்ல மிஸ்."

"சிவரஞ்சனி!" என்று மிஸ் உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். அம்பாசமுத்திரத்துப் பிள்ளை, இரண்டாம் வருஷம், இதுவரை பெஞ்சை விட்டு எழுந்ததில்லை. விஷயம் கேட்டதும் அவளுக்கு உதடு வெளுத்துவிட்டது. "அக்கா, என்னால முடியாதுக்கா" என்றாள் டெல்பினிடம். மாற்று ஆட்களுக்கென்று மிச்சமிருந்த ஜெர்ஸி அவளுக்கு நைட்டிபோலத் தொங்கியது. டெல்பின் தன் ஐந்தாம் நம்பரைக் கழற்றிக் கொடுத்தாள். மிஸ் லிஸ்டிலும் அப்படியே மாற்றி எழுதினார். ஜெர்ஸி இன்னும் வேர்வைகூடப் படாமல் இருந்தது. சிவரஞ்சனி அதைத் தலைவழியே போடும்போது இரண்டு பேருக்கும் உடம்பு ஒரே அளவுதான் என்பதை டெல்பின் முதல்முறையாகக் கவனித்தாள், அதே ஒல்லி, அதே நீளக் கை, பின்னிக் கட்டின முடிகூட.

ஆட்டம் தொடங்கியது. பெஞ்சின் ஓரத்தில் டெல்பின் உட்கார்ந்திருந்தாள். மேலே வேறு ஒரு டீ-சர்ட், அதற்குமேல் துண்டு. அப்பா இப்போது தேடிக்கொண்டிருப்பார். காணாமல் பக்கத்தில் இருப்பவனைக் கேட்பார். பிறகு பெஞ்சைப் பார்ப்பார். அந்த நிமிஷத்துக்குத் தன்னை இறுக்கிக்கொண்டு அவள் தரையையே பார்த்திருந்தாள். செண்பகாவின் ஒன்பதாம் நம்பர் ஓடிவந்தாள், சிவரஞ்சனி காலை நீட்டிப் பந்தை வெளியே அடித்தாள், தப்பும் தவறுமாக, ஆனால் அடித்துவிட்டாள். அப்போது கேலரியிலிருந்து அந்தக் குரல் வந்தது. கடல் காற்றுக்கு மேலே ஒரு படகிலிருந்து இன்னொரு படகைக் கூப்பிட்டுப் பழகிய குரல், செண்டையைத் தாண்டி வந்தது. "டெல்பினே! அதாக்கும் மக்ளே! நில்லு அங்கயே!"

அவளுக்கு முதலில் புரியவில்லை. தலையைத் தூக்கினாள். அவர் எழுந்து நின்று கையை வீசிக்கொண்டிருந்தார், அவளைப் பார்த்தல்ல, மைதானத்தைப் பார்த்து. இரண்டு வருஷமாக அவர் கண்ணில் புரை விழுகிறது, தூரத்தில் ஆள் தெரியும், முகம் தெரியாது. ஐந்தாம் நம்பர் தெரிந்தது, ஒல்லியான ஒரு பிள்ளை தெரிந்தது, போதும். சிவரஞ்சனி மறுபடி ஒரு பந்தைத் தடுத்தாள். "எனக்க மவளாக்கும்!" என்று அவர் சுற்றியிருந்தவர்களிடம் சொல்வது சொல்லாகக் கேட்கவில்லை, ஆனால் நெஞ்சில் தட்டிக் காட்டுவது தெரிந்தது. டெல்பின் துண்டைத் தலைக்குமேல் இழுத்து முக்காடு போட்டுக்கொண்டாள். இருட்டு நன்றாக இருந்தது. இப்படியே இருந்துவிடலாம். ஆட்டம் முடிகிறவரை அவர் பார்க்கட்டும், அவர் பார்க்க வந்ததைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். டெல்பின் ஓடுகிறாள், டெல்பின் தடுக்கிறாள், டெல்பினுக்கு ஒரு கயிறும் அறுந்துபோகவில்லை. துண்டுக்குள் தன் மூச்சுச் சூடாகத் திரும்பி வந்தது. டெல்பினே, டெல்பினே. யாரைக் கூப்பிடுகிறார். அந்தப் பெயர் அவளுக்கு வெளியே, அவள் இல்லாமலேயே, மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்தது, நன்றாகவும் ஆடிக்கொண்டிருந்தது. பிறகு? விசில் ஊதியபின் கேலரிப் படியில் இறங்கி ஓடிவருவார், கையை விரித்துக்கொண்டு, அத்தனை பேர் முன்னால், அந்தப் பிள்ளையிடம் போய் நிற்பார், அவள் முகத்தைப் பார்ப்பார். சாயம் போட்ட தலையோடு. அத்தனை பேர் முன்னால்.

அவள் துண்டை எடுத்துப் பெஞ்சில் போட்டாள். "எங்க போற?" என்றார் மிஸ். கோட்டுக்கு வெளியே, வேலியை ஒட்டி, கேலரியைப் பார்த்து நடந்தாள். நேராக நடக்க முயற்சி செய்யவில்லை. கால் எப்படி வைக்க வந்ததோ அப்படி வைத்தாள். நொண்டியது, ஒவ்வொரு எட்டுக்கும் உடம்பு இடது பக்கம் சாய்ந்து எழுந்தது, அதை மறைக்க அவள் ஒன்றும் செய்யவில்லை. மேலே அவர் இன்னும் கத்திக்கொண்டிருந்தார். அவருக்கு நேர் கீழே வந்து நின்று நிமிர்ந்தபோது செண்பகாவுக்குக் கார்னர் கொடுத்திருந்தார்கள் போல, கேலரியே எழுந்துகொண்டது, அவர் வாயைத் திறந்து "டெல்..." என்று தொடங்கினார். அது அங்கேயே நின்றுவிட்டது. குனிந்து பார்த்தார். மைதானத்தைப் பார்த்தார். மறுபடி அவளை, அவள் முகத்தை, அப்புறம் முழங்காலை. உயர்த்தின கை எப்போது கீழே வந்ததென்று அவருக்கே தெரிந்திருக்காது.

செண்பகாக்காரர்கள் இருந்த பக்கத்திலிருந்து பெரிய ஆரவாரம் எழுந்தது. தங்கள் வலையில்தான் கோல் விழுந்திருக்கும் என்று டெல்பினுக்குத் தெரிந்தது, திரும்பிப் பார்க்கவில்லை. பெர்க்மான்ஸ் கேலரிப் படிகளில் இறங்கி வந்துகொண்டிருந்தார், எழுந்து நின்று தலையில் கைவைத்த ஊர்க்காரர்களை ஒதுக்கிக்கொண்டு, ஒவ்வொரு படியாக, கண்ணை அவளிடமிருந்து எடுக்காமல்.